மரம் நடும் மாதத்தை மண்ணிடம் கேளுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் எனக்குச் சில அழைப்புகள் வந்துவிடும். "ஐயா, ஜூன் 5 அன்று மரக்கன்று நடுகிறோம். நீங்கள் வந்து ஜெபித்து, முதல் கன்றை நட்டுவைக்க வேண்டும்" என்பார்கள். அழைக்கிறவர்களின் உள்ளம் நல்ல உள்ளம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் சில ஆண்டுகளாக அவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறேன்: "இந்த நாளை நமக்கு யார் குறித்துத் தந்தார்கள்?" இந்த வாரம் அதே கேள்வியை உங்களோடும் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். ஐக்கிய நாடுகள் பொது அவை 1972-இல் அதை அறிவித்தது. 1973 முதல் அது அனுசரிக்கப்பட்டு வருகிறது. நம் நாட்டில் அதற்கு முன்பே, 1950-இல், அப்போது மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி, ஜூலை முதல் வாரத்தில் வன மகோத்சவம் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் நிலங்களுக்கு அது பொருத்தமான வாரமே.

ஆனால் காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள எங்கள் உத்திரமேரூரில் ஜூன் மாதம் எப்படி இருக்கும்? கத்திரி வெயில் பஞ்சாங்கத்தில் முடிந்திருக்கும். மண்ணின் சூடு ஆறியிருக்காது. ஏரித்தரை வெடித்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்கும் மழை உண்டு. அது மாலையில் இடியோடு வந்து கொட்டிவிட்டு, அடுத்த இரண்டு நாள் வெயிலில் சுவடின்றிக் காய்ந்துவிடும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. எங்கள் முன்னோர் ஏரிகளை வெட்டி வைத்தது அந்த மழையை எதிர்பார்த்தே.

கன்றின் நிலையிலிருந்து சற்று எண்ணிப் பாருங்கள். நாற்றுப் பண்ணையின் நிழலில், நாள்தோறும் தண்ணீர் பெற்று வளர்ந்தது அது. அதன் வேர் அறிந்ததெல்லாம் ஒரு சிறிய பையளவு மண். நட்ட பின் புதுவேர் விட்டுப் பக்கத்து மண்ணுக்குள் நுழைய அதற்குச் சில வாரங்கள் வேண்டும். அதற்குள் ஆனி, ஆடி மாதங்களின் வெயிலும் காற்றும் இலையிலுள்ள நீரை உறிஞ்சிவிடுகின்றன. வேர் கொடுப்பதைவிட இலை இழப்பது மிகுதியாகும்போது கன்று கருகிப்போகிறது.

ஓர் ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றிற்குச் சென்றிருந்தேன். வளாகத்தில் வரிசையாகக் கம்பிக்கூண்டுகள். ஒவ்வொன்றிலும் கன்றை நட்ட பிள்ளையின் பெயர் எழுதிய தகடு. பெரும்பாலான கூண்டுகளுக்குள் காய்ந்த குச்சிதான் நின்றது. தன் பெயர்த் தகட்டைக் காட்டி ஒரு சிறுமி சொன்னாள்: "நான் தினமும் தண்ணி ஊத்துனேன் ஐயா. எனக்குத்தான் கைராசி இல்லையாம்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என்னை வெகுநாள் வருத்தியது. குற்றம் அந்தப் பிள்ளையின் கையில் இல்லை. அவள் கையில் கன்றைக் கொடுத்த மாதத்தில் இருந்தது. ஒரு கன்று காய்ந்தால் வேறு கன்று வாங்கலாம். தன் கை பட்டால் எதுவும் தழைக்காது என்று ஒரு குழந்தை நம்பிவிட்டால், அதை எப்படி ஈடுசெய்வது?

எங்கள் சபையைச் சேர்ந்த மூத்த விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நெல்லுக்கு நாத்து விடப் பட்டம் பாக்குறோம் ஐயா. மரத்துக்கு மட்டும் எதுக்குத் தேதி பாக்குறாங்க?" என்று கேட்டார். எங்கள் பகுதியில் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்கள் உண்டு. சம்பாவுக்குரிய நீண்டகால நெல்லை நவரையில் விதைக்க எந்த உழவரும் துணியமாட்டார். சில மாதங்களில் அறுவடையாகும் பயிருக்கே இவ்வளவு கவனம் என்றால், தலைமுறைகள் தாண்டி நிற்க வேண்டிய இலுப்பைக்கும் மருதுக்கும் எவ்வளவு கவனம் தேவை!

அவரிடமும் மற்ற உழவர்களிடமும் கேட்டு அறிந்ததை ஒரே விதியாகச் சொல்லிவிடலாம். உங்கள் ஊரில் இளஞ்செடிக்கு மிகக் கொடிய காலம் எது என்று முதலில் பாருங்கள். பிறகு, அதற்கு முன்னே மண்ணில் ஈரம் தொடர்ந்து நிற்கத் தொடங்கும் வேளை எது என்று பாருங்கள். அந்த வேளையே நடும் காலம். எங்களுக்குக் கொடிய காலம் சித்திரையும் வைகாசியும். ஈரம் நிலைக்கத் தொடங்குவது புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும். அப்போது நட்ட கன்றுக்கு, முதல் சித்திரையைச் சந்திக்குமுன் வேர் இறக்க ஏறக்குறைய ஆறு மாதங்கள் கிடைக்கின்றன.

நிலத்தின் வாகையும் பார்க்க வேண்டும். வெப்பாலை, உலக்கைப் பாலை, கருங்காலி போன்றவற்றை மேட்டுச் செம்மண்ணில் வைப்பதானால், மண் ஆழமாக நனைந்தவுடன் நட்டுவிடலாம். தாழ்வான களிமண் நிலத்தில் பொறுத்திருங்கள். நவம்பர் பெருமழையில் குழியில் நீர் தேங்கினால் இளவேர் அழுகிவிடும். அங்கே மழை தணிந்து நீர் வடிந்த பின் நடுவதே நலம். ஆனால் அப்படித் தாமதித்து நட்ட கன்றுக்கு முதல் கோடையில் கூடுதல் கவனம் வேண்டும்.

விதைக்குக் கணக்கு வேறு. வேம்பும் நாவலும் ஆனி, ஆடியை ஒட்டிப் பழம் உதிர்க்கின்றன. அவற்றின் விதைகள் சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். பையில் கட்டிவைத்து விழா நாளுக்காகக் காத்திருக்க முடியாது. பனம்பழம் ஆடி, ஆவணியில் விழுகிறது. கொட்டையை மழைக்கு முன்பே ஏரிக்கரையில் புதைத்துவிட்டால், அது வெளியே ஓலையைக் காட்டுமுன் மண்ணுக்குள் கிழங்கை இறக்குகிறது. பொங்கல் நாட்களில் நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு அதுதான். நாட்டு மரங்கள் தாம் பிறந்த மண்ணின் மழையை அறிந்தே பழுக்கின்றன. நாம் அவற்றின் முறையைக் கவனித்தால் போதும்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் வேறு ஊர்களில், வேறு நாடுகளில் இருக்கிறீர்கள். விதி ஒன்றே, மாதம்தான் மாறும். கேரளத்தில் ஜூன் தொடக்கத்திலேயே பருவமழை இறங்கிவிடுவதால் அங்கே அந்த மாதம் பொருத்தமானது. ஜூன் கடைசியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலையில் மிளகுக்கொடி நடுவது அவர்கள் மரபு. நீலகிரியில் ஒரே மாவட்டத்திற்குள் கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழையையும், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழையையும் பார்த்திருக்கிறது. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனி இளந்தளிரைக் கருக்கும். ஆகவே அதற்கு வெகு முன்பே கன்று வேர்பிடித்திருக்க வேண்டும். பெரும்போகத்திற்கு வடகிழக்கு மழையை நோக்கும் யாழ்ப்பாணத்தார் எங்கள் கணக்கையே பின்பற்றலாம்.

டொரன்டோவில் இருக்கிறவர்களே, உங்களுக்குக் கொடியது உறைந்த மண். இளவேனிலில் மண் இளகியதும் நடுங்கள். அல்லது இலையுதிர் காலத்தில், மண் உறைவதற்குச் சில வாரங்கள் முன்னதாக நட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் மரங்கள் இலை உதிர்த்து உறங்கும் நவம்பர் முதல் மார்ச் வரை, மண்கட்டி இல்லாத வெறும்வேர்க் கன்றுகளையே நடுகிறார்கள். மெல்போர்னில் கோடை டிசம்பரில் தொடங்குகிறது. வெயில் தணிந்த ஏப்ரல், மே மாதங்கள் உங்களுக்கு ஏற்றவை.

வேதாகமம் எழுந்த நிலத்திற்கும் அதற்கே உரிய பருவம் உண்டு. அங்கே மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லை என்றே சொல்லலாம். அக்டோபர், நவம்பரில் வரும் முன்மாரி இறுகிய நிலத்தை இளக்கும். அதன் பின்னரே உழவும் விதைப்பும். மார்ச், ஏப்ரலில் வரும் பின்மாரி கதிர்களை முற்றச் செய்யும். யாக்கோபு தம் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் நீடிய பொறுமைக்குப் பயிரிடுகிறவனை எடுத்துக்காட்டாக நிறுத்தும்போது, இந்த இரு மழைகளையே மனத்தில் கொண்டு பேசுகிறார். உழவனின் பொறுமை கைகட்டி இருப்பதன்று. மழைக்குமுன் செய்ய வேண்டிய வேலைகளை அவன் செய்து முடித்துவிட்டுக் காத்திருக்கிறான்.

ஆகவே "ஜூன் 5 அன்று ஒன்றும் செய்ய வேண்டாமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: நிறையச் செய்யலாம். விதை சேகரிக்கும் பணியைத் தொடங்குங்கள். பைகளில் மண்ணும் எருவும் நிரப்பி நாற்று விடுங்கள். ஆடியில் இரண்டடி ஆழக் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். பண்ணையில் கன்று வாங்குவதானால், நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பின், மண் நன்றாக நனைந்த ஒரு நாளில் பிள்ளைகள் கையில் கன்றைக் கொடுங்கள்.

நட்டவுடன் கடமை முடிவதில்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக உலகம் அவற்றை அறியும். அந்தத் தேர்தலில் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுள் பன்னிருவர் தோட்ட வாரியத்தில் பணி செய்தார்கள். அறுவர் ஏரி வாரியத்தில். அவர்களுடைய பொறுப்பின் காலம் 360 நாட்கள். தோட்டத்தை ஆண்டு முழுவதும் கவனிக்க ஆள் வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் அறிந்திருந்தது. ஒரு நாளில் நூறு கன்று நடும் சபையைவிட, பத்துக் கன்று நட்டு, தை மாதத்தில் அடியில் சருகு பரப்பி, பங்குனி முதல் வைகாசி வரை வாரந்தோறும் ஆழமாகத் தண்ணீர் விடுகிற சபையால் அதிக நிழல் உண்டாகும்.

பிரியமானவர்களே, மனிதருக்குச் செய்யும் நன்மைக்கும் இது பொருந்தும் அல்லவா? நமக்கு ஓய்வு கிடைத்த நாளில், நமக்கு வசதியான விதத்தில் உதவி செய்துவிட்டு, அது தழைக்கவில்லையே என்று பெற்றவரைக் குறை சொல்லிவிடுகிறோம். துக்க வீட்டில் முதல் வாரம் கூட்டம் நிறைந்திருக்கும். மூன்றாம் மாதத்தில்தான் அந்த வீட்டு வாசலில் ஒருவரும் இருப்பதில்லை. கொடுக்கிறவரின் நாளைப் பாராமல், பெறுகிறவரின் பருவத்தைப் பார்ப்பதே அன்பு.

இந்த ஆண்டு உங்கள் சபையோ பள்ளியோ மரம் நடத் தீர்மானித்தால், நாளைக் குறிக்குமுன் உங்கள் ஊர் உழவர் ஒருவரை அழைத்து அருகில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் சொல்லும் மாதம் அழைப்பிதழுக்கு வசதியாக இல்லாமற்போனாலும், அதையே குறியுங்கள். மழையைத் தருகிற தேவன் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.