தனியாக அனுப்பும் நாள்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானம் முழுக்கத் தன் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு தனிப் பயணம், வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏறுவது, ராத்திரிப் பறப்பு எல்லாம் உண்டு. வானிலை, வழிகாணல், விமான விதிகள், இயந்திர நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள் தனி. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. இத்தனையையும் ஒன்றரை ஆண்டுக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லித்தான் விரைவுப் படிப்புகளுக்கு ஆள் சேர்க்கிறார்கள். செலவு அரைக் கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும்.

மணமேல்குடியில் விசைப்படகு வைத்திருக்கும் என் நண்பர் அந்தக் கணக்கை நம்பி, மகனை அங்கே சேர்க்கத் தென்னந்தோப்பை விற்றவர். எங்கள் பக்கம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் சிக்காமல் கரை சேர்ந்தார்களா என்பதுதான் பல வீடுகளில் காலை முதல் பேச்சு. "படகு என்னோட போகட்டும் மச்சான்" என்பார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. படகு கரையில் கிடந்த அந்த மே மாதத்தில் மகன் பயிற்சி பெறுவதைப் பார்க்க அவரோடு சேலம் போனேன். ஓமலூரை ஒட்டிய காமலாபுரம் விமான நிலையம், 2022-ல் விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஐந்தில் ஒன்று.

விடுதியில் நாலு மணிக்கே விளக்கு எரிகிறது. வெயில் ஏறுவதற்குள் பறந்தாக வேண்டும். மூச்சை ஊதிக் காட்டி மது இல்லை என்று நிரூபித்த பிறகுதான் விமானத்தின் பக்கமே போக முடியும். அனுமதிச் சீட்டும் ஒளிரும் மேற்சட்டையுமாக நாங்கள் ஓரமாக நின்றோம். நண்பர் மகன் கையில் ஒரு கண்ணாடிக் குவளை மாதிரி பிளாஸ்டிக் குடுவை. செஸ்னா 172-ன் இறக்கைக்கு அடியில் குனிந்து, வால்வை மேல்நோக்கி அமுக்கி, கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். இளநீல நிறமாக இருக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத குமிழாகத் தங்கும். இறக்கைக்கு ஐந்து, மூக்குப் பக்கம் மூன்று, ஆக 13 இடத்தில் இப்படிக் குனிய வேண்டும். பத்தாவது இடத்தில் எனக்கே பொறுமை போய்விட்டது. நண்பருக்குப் போகவில்லை. "டீசல்ல தண்ணி இறங்குனா நடுக்கடல்ல நிக்கணும். ஒன்னையும் விடாம பாருடா" என்றார். பையன் தலையை மட்டும் ஆட்டினான். இன்ஸ்ட்ரக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு சர்க்யூட். ஏறு, திரும்பு, ரன்வேக்கு இணையாக ஓடு, இறங்கு, சக்கரம் தொட்டதும் திரும்ப ஏறு. ஒரு சுற்றுக்கு ஆறேழு நிமிடம். பார்ப்பவனுக்கு ஒரே மாதிரி. உட்கார்ந்திருப்பவனுக்கு ஒவ்வொரு முறையும் காற்று வேறு. பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஏ.டி.ஆர். பயணிகள் விமானம் வரும் நேரம் என்றால் டவர் இவர்களை ஓரமாக வட்டமடிக்கச் சொல்லிவிடும். காத்திருக்கும் பையன்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் கேப்டன் உட்காரும் அந்த இடது பக்க இருக்கைக்குத்தானே இவ்வளவும்.

பத்து, பதினொரு மணிக்குத் தரை சூடேறிக் காற்று குதிக்க ஆரம்பிக்கிறது. சேர்வராயன் மலை பக்கத்திலேயே இருப்பதால் புதியவர்களை அந்த நேரத்தில் அனுப்புவதில்லை. மீதி நாள் தரையில்தான். ஐ.சி.ஜோஷியின் வானிலைப் புத்தகம், பழைய கேள்விகளின் தொகுப்பு, இட்லியும் சாம்பாரும் ஆறிப்போன மெஸ். வராந்தாவில் ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, இல்லாத திராட்டிலை முன்னே தள்ளி, இல்லாத ஃபிளாப்பை இறக்கி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். விளம்பரக்காரர்கள் விரைவு என்று சொல்வதில் உண்மையாகவே விரைவானது இந்தப் புத்தகப் படிப்புதான் என்று எனக்குப் பட்டது. ஒரு பாடத்தை மூன்று வாரத்தில் மனப்பாடம் செய்யலாம். பறப்பு மேகத்துக்கும், பழுது பார்க்கப் போன விமானத்துக்கும், முன்னால் நிற்கும் பெயர்களுக்கும் கட்டுப்பட்டது. சில வாரம் ஒரு மணி நேரம்கூட ஏறாது. அந்த நாட்களையும் சேர்த்தா விளம்பரத்தில் மாதம் எண்ணினார்கள் என்று பெற்றோர் கேட்டிருக்க வேண்டும்.

நண்பர் வேறு கேள்வி வைத்திருந்தார். "சார், எத்தனை மணி நேரம் ஓட்டுனா இவங்கள தனியா விடுவீங்க?"

இன்ஸ்ட்ரக்டர் திருநெல்வேலிக்காரர், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். "பொதுவா பதினஞ்சு, இருபது மணி நேரத்துக்குள்ள ஆயிரும்ணே. ஆனா நான் மணியப் பாத்து அனுப்புறதில்ல. தப்பு பண்ணிட்டு என் மூஞ்சியப் பாக்காம அவனே சரி பண்றானான்னு பாப்பேன். அன்னிக்கு ரன்வே ஓரத்துல நிப்பாட்டச் சொல்லிட்டு நான் இறங்கிருவேன். சொல்லிட்டுச் செஞ்சா ராத்திரி பூரா தூங்க மாட்டானுவ."

"தனியா ஏறினதும் எப்படி இருக்கும்?" என்று நான் பையனைக் கேட்டேன். அவனுக்கு அது போன மாதம் நடந்திருந்தது. "வெயிட் குறைஞ்சதால சீக்கிரமா ஏறிடுச்சு மாமா. அதான் முதல்ல பயம். இறங்கினதும் பக்கெட் தண்ணிய தலையில ஊத்திட்டானுங்க, போன் பாக்கெட்லயே இருந்துச்சு."

லாக் புக்கைக் காட்டினான். 31 மணி 20 நிமிடம். சேர்ந்து எட்டு மாதம். நண்பர் விரல் விட்டு எண்ணினார், வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மறுநாள் பட்டியல் வாட்ஸப்பில் வந்தது. பையன் பெயர் மூன்றாவது. முதல் விமானத்துக்கு, ஐம்பது மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனை இருப்பதால் வரிசை தள்ளிப்போகலாம் என்று அடியில் ஒரு குறிப்பு. "அப்ப வெயிலுக்கு முன்னாடி கிடைக்காதா?" என்றார் நண்பர். "கிடைக்கலைன்னா நாளை மறுநாள் கேப்பேன்பா" என்று சொல்லிவிட்டு, மெஸ் பாக்கி இரண்டு மாதம் இருப்பதையும் சேர்த்துச் சொன்னான்.