அக்காளின் ஆறு ஆண்டுகள்

என் அக்காளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று 2008ஆம் ஆண்டு தெரிந்தது. அறுவைக்கு இசைந்தவள் கீமோதெரபிக்கு மறுத்தாள். "எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்றே, தம்பி, இனி எதற்கு?" என்றாள். நான் விடவில்லை. மூன்று நாள் வாதாடி அழைத்துச் சென்றேன். முடி உதிர்ந்தது, வாந்தி அவளை வாட்டியது. பின்னர் தேறினாள். மகளுக்கு மணம் முடித்தாள், பேரனையும் கண்டாள்.

2014இல் அவளைக் களைப்பு பற்றிக்கொண்டது. படியேறினால் மூச்சு வாங்கிற்று. அடிபடாமலே கைகள் கன்றி நீலம் பாரித்தன. எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்த மருத்துவர் இரத்தப் புற்றுநோய் என்றார். பழைய நோய் பரவிவிட்டதா என்று கேட்டேன். "இல்லை. இது வேறு நோய். பழைய மருந்தினால் வந்திருக்கக்கூடும்" என்றார்.

அச்சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மருந்தைத் தந்தவர் மருத்துவர். ஏற்கச் செய்தவன் நானல்லவா?

தேடிப் படித்தேன். புற்றணுவின் மரபுப்பொருளைச் சிதைத்துக் கொல்லும் மருந்துகள், நல்ல அணுக்களையும் தீண்டாமல் விடுவதில்லை. மஜ்ஜையில் இரத்தத்தைப் பிறப்பிக்கும் மூல அணு ஒன்று காயத்தோடு பிழைத்துக்கொண்டால், அக்காயம் அதன் வழித்தோன்றல்களிலும் தொடரும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளால் நேரும் தீங்கு பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். 5ஆம், 7ஆம் குரோமோசோம்களில் குறை காணப்படும். அக்காளின் பரிசோதனைத் தாளில் 7 என்ற எண்ணை நானே கண்டேன்.

இவ்வுண்மை புதிதன்று. முதுகெலும்பு இறுகும் நோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பிரித்தானிய நோயாளிகளிடையே இரத்தப் புற்று மிகுந்திருந்ததைக் கோர்ட் பிரவுனும் ரிச்சர்டு டாலும் 1957இலேயே எடுத்துரைத்தனர். ஹாட்ஜ்கின் நோய்க்கு அமெரிக்காவில் 1960களில் உருவான நான்கு மருந்துக் கூட்டு பலரைப் பிழைக்க வைத்தது. அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் இரத்தப் புற்று வந்தது. 1970களில் மிலான் நகரில் பொனடோனா குழுவினர் அவ்வாபத்து மிகக் குறைந்த வேறொரு கூட்டை உருவாக்கினர். முன்னவர் பட்ட துன்பம் பின்னவருக்குக் காவலாயிற்று.

மார்பகப் புற்றுக்கு வழக்கமான கீமோதெரபி பெறுவோருள் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இவ்வாறு நேர்கிறது. பிறருக்கு இந்த எண் ஆறுதல். எங்கள் வீட்டிலோ அந்த ஒருத்தி அக்காள்.

ஒரு மாலை, பாவசங்கீர்த்தனம் செய்பவனைப் போல் அவளிடம் அனைத்தையும் சொன்னேன். மடியில் பேரன் உறங்கிக்கொண்டிருந்தான். அவன் தலையைத் தடவியபடியே கேட்டாள்: "அன்று நீ விட்டிருந்தால், இவனை நான் பார்த்திருப்பேனா, தம்பி?"

பார்த்திருக்கவும் கூடும். மருந்தின்றியே அவள் பிழைத்திருப்பாளோ என்பதை அறிய வழியில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் என் சுமையை இறக்கிவைத்தாள்.

2015இல் அக்காள் மறைந்தாள். இன்று யாரேனும் கீமோதெரபி எடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், எடுங்கள் என்றே சொல்கிறேன். பின்விளைவுகளை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெற்ற மருந்துகளின் பெயர்களைக் குறித்து வையுங்கள். ஆண்டுகள் பல கடந்தாலும், தீராத களைப்பு வந்தால் இரத்தத்தைப் பரிசோதியுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

அக்காளின் மருந்துச் சீட்டுகள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை முன்போல் அஞ்சாமல் எடுத்துப் பார்க்க முடிகிறது.