ஆற்றோரம் நடந்தோம்

சிலாங்கூர் ஆறு எங்களுக்குப் புதியதன்று. எங்கள் தோட்டத்தின் ஓர் எல்லையே அந்த ஆறுதான். ஆயினும் அதன் கரையில், வேலை ஏதுமின்றி, நடப்பதற்காகவே நடந்தவர் எங்களுள் மிகச் சிலரே. சென்ற பள்ளி விடுமுறையில் அக்குறை தீர்ந்தது. மாணவர், பெற்றோர், ஆசிரியர் என ஒரு பேருந்து நிறையக் கோல சிலாங்கூருக்குப் புறப்பட்டோம். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாத்தாவும் உடன் வந்தார். முதலில் அவர் இணங்கவில்லை. "இந்த முழங்காலை வைத்துக்கொண்டு காட்டில் நடக்க முடியுமா, ஐயா?" என்றார். காடன்று, நடைபாதை என்று கூறி அழைத்து வந்தோம்.

காலையில் புக்கிட் மலாவாத்தி குன்றின் மீது ஏறினோம். குன்றைச் சுற்றித் தார்ச்சாலை இருப்பதால் முதியோர்க்கும் தொல்லையில்லை. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்குள்ள கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். பீரங்கிகளையும், 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தையும் மாணவர்க்குக் காட்டினோம். அவர்கள் கண்களோ குரங்குகளின் மேல்! சாம்பல் நிறத் தாய்க் குரங்கின் மடியில் பொன்னிறக் குட்டி ஒன்று கிடந்தது. லோத்தோங் எனப்படும் இவ்வினத்தின் குட்டிகள் பிறக்கும்போது இந்நிறத்திலேயே இருக்கும். லோத்தோங் சாதுவானது. எங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பறித்துச் சென்றது வேறு இனக் குரங்கு என்பதை நியாயத்துக்காகக் குறிப்பிடுகிறோம்.

குன்றின் அடிவாரத்தில், ஆறு கடலைச் சேரும் இடத்தில் இருக்கிறது தாமான் ஆலாம் என்னும் இயற்கைப் பூங்கா. மாநில அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் இணைந்து 1987இல் இதனை அமைத்தன. ஏரியை ஒட்டிய கரைமேல் ஒருவர்பின் ஒருவராக நடந்தோம். ஒரு புறம் கொக்குகள் நின்ற நீர். மறு புறம் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து விரல்கள் போல் மேல்நோக்கி நீண்டிருப்பவை வேர்கள். சேற்றில் காற்றில்லாமையால் அவை வெளியே தலை நீட்டி மூச்சு விடுகின்றன. பெலாச்சாக் என்னும் மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றின் மேல் தத்திச் சென்றது. ஒற்றைக் கொடுக்குப் பெருத்த நண்டுகள் எங்கள் நிழல் பட்டதும் வளைக்குள் மறைந்தன.

தாத்தாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. செபமோ என்று எண்ணினோம். பேத்திதான் கண்டுபிடித்தாள்: பாதையோர மரங்களை அவர் எண்ணிக்கொண்டு வந்தார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவியவரின் பழக்கம் அது. "ஐம்பது வருஷமாக நடந்தவன் நான். கையில் வாளியோ கத்தியோ இல்லாமல் நடப்பது இன்றைக்குத்தான், ஐயா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாலையில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கம்போங் குவாந்தானுக்குச் சென்றோம். வழியெல்லாம் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இம்மாவட்டத்திலேயே உருவானது. பெஸ்தாரி ஜெயா என 2007இல் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் அதனை நட்டவர் ஆன்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் பனை குடியேறிய கதை இது! எங்கள் பிள்ளைகளின் சீருடையும் தீபாவளிச் சேலையும் அந்தப் பனை தந்தவை. அதனைக் குறை கூற எங்களுக்கு வாயில்லை.

இருட்டியதும் துடுப்புப் படகுகளில் அமர்ந்தோம். கரையோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைந்தன. அரிசிமணி அளவே உள்ள ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் அழைப்பு அது. ஆனால் இவற்றின் புழுக்கள் அம்மரங்களில் வளர்வதில்லை. கரைக்குப் பின்னுள்ள ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மரத்தை மட்டும் விட்டுவைத்து, அதன் பின்னுள்ள மண்ணைத் திருத்திவிட்டாலும் மின்மினி இல்லை.

இதனை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தபோது தாத்தா மெல்லப் பேசினார். "பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில் தண்ணீர் வரைக்கும் வெட்டச் சொன்னார்கள். எங்கள் கூட்டந்தான் வெட்டியது. இராத்திரி தூண்டில் போட்டுத் திரும்பும்போது இப்படி மின்னுகிற ஒரு மரந்தான் எங்களுக்கு விளக்கு. அதையும்தான் வெட்டினோம்."

படகு ஒரு வளைவைத் தாண்டியது. சிறிது தூரம் கரை முழுதும் இருளாய்க் கிடந்தது. "இங்கே ஏன் தாத்தா ஒன்றுமே இல்லை?" என்றாள் பேத்தி. அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். அடுத்த வெளிச்ச மரம் வரும்வரை துடுப்பின் ஓசை மட்டுமே கேட்டது.