ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லைப் புகழ்வோர் பலர்; அதை நடவு செய்யும் பெண்களின் விரல்களை உற்று நோக்குவோர் சிலரே. விடியலில் விரல் மடங்காமல் விறைத்து நிற்பதை அப்பெண்கள் சேற்றின் கணக்கிலோ பனியின் கணக்கிலோ எழுதிவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் பெரியம்மாவும் அவ்வாறே எழுதினார். அப்போது அவருக்கு வயது 42.

வயதானோர்க்கு முழங்கால் தேய்வது வேறு, முடக்குவாதம் வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குவதால் வருவது இது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் சேர்ந்தே வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். ஆடவரைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றும். முதல் சில மாதங்களுக்குள் அடக்கினால் எலும்பு அரிபடாமல் தப்பலாம். அந்த மாதங்களைத்தான் நம் ஊர்ப் பெண்கள் தைலத்திலும் ஒத்தடத்திலும் கழிக்கிறார்கள்.

முடக்கத்தான் கீரையை நாம் பழிக்கவில்லை. அந்தத் தோசை எங்களுக்கு இன்றும் விருப்பமே. நாம் அஞ்சுவது பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் சூரணங்களைத்தான். பெரியம்மா உண்ட ஒன்று மூன்றே நாளில் வலியைப் போக்கியது. சில மாதங்களில் முகம் உப்பி, சர்க்கரையும் ஏறிற்று. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். ஸ்டீராய்டும் தீண்டத்தகாத மருந்தன்று. 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் அதை முடக்குவாத நோயாளி ஒருவருக்குச் செலுத்த, அப்பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் கிட்டியது. ஆனால் நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும் என்பது பின்னரே தெளிவாயிற்று. இன்று அதைக் குறைந்த அளவில், சிறிது காலத்துக்கு மட்டும், மற்ற மருந்து பலிக்கும்வரை ஊன்றுகோலாகத் தருகிறார்கள்.

அந்த மற்ற மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். இதன் வரலாறு நமக்கு அயலானதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லே ஆய்வுக்குழுவில்தான் ஃபோலிக் அமிலமும் உருவாக்கப்பட்டது, அதை எதிர்க்கும் இம்மருந்தும் பிறந்தது. அவர் 1948இல் மறைந்தார். முடக்குவாதத்துக்கு இதை வழங்க அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1988இல்.

கோரிமேட்டு ஜிப்மரில் இத்தகைய நோய்களுக்கென்றே ஒரு துறை உண்டு. பாகூரிலிருந்து இரண்டு பேருந்து ஏறி அங்கே போனோம். வாரத்தில் ஒரே நாள்தான் இம்மாத்திரை. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எழுத்தறியாத பெரியம்மாவுக்கு எந்த நாள் என்பது எப்படி நினைவிருக்கும்? ஞாயிறு என்றோம். பூசை கண்டு வந்து உண்டால் மறக்காதன்றோ! ஃபோலிக் அமில மாத்திரைக்குப் புதன்கிழமை. ஈரலையும் இரத்த அணுக்களையும் அறிய அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. கருவுற விரும்பும் பெண்களுக்கு இம்மருந்து ஆகாது. மது அருந்துவோர்க்கும் ஆகாது. இது போதாவிடில் சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்றவற்றைச் சேர்ப்பர். அவற்றுக்கும் அடங்காவிடில் விலை மிகுந்த ஊசிகள் உள்ளன. காசநோய் உறங்கிக் கிடக்கிறதா என்று பார்த்த பின்னரே அவற்றைப் போடுவார்கள்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. “பொட்டலமே மேல், தம்பி” என்று பெரியம்மா முணுமுணுத்தார். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்தோம். மூன்றாம் மாதம் ஒரு காலை, தாமே தலை வாரிக் கொண்டை போட்டு வந்து நின்றார்.

வலக்கையில் இரு விரல்கள் கோணியது கோணியதே. அவற்றை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. செபமாலையை இப்போது இடக்கையில் உருட்டுகிறார். சென்ற ஐப்பசி நடவில் அவர் சேற்றில் இறங்கவில்லை. வரப்பில் இருந்தபடி நாற்றுக்கட்டுகளை எண்ணிக் கொடுத்தார். அவற்றை வாங்கிய மருமகளின் விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதை அன்றே கண்டவரும் அவர்தாம். நடவு முடியட்டும் என்றாள் அவள். பெரியம்மா கேட்கவில்லை, மறுநாள் விடியற்காலையில் அவளையும் அழைத்துக்கொண்டு கோரிமேட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டார்.