ஆளைப் பரப்பு... ஆட்டத்தை மாத்து!

ஃபுட்பால்னு சொன்ன உடனே மெஸ்ஸி, எம்பாப்பேனு ஆரம்பிக்கிறீங்களா? ஸாரி பாஸ்... இது அந்த ஃபுட்பால் இல்லை. தலையில ஹெல்மெட், தோள்ல பேடு, கையில முட்டை மாதிரி ஒரு பந்து! அமெரிக்காக்காரங்க 'ஃபுட்பால்'னு பேரை வெச்சுக்கிட்டு முக்கால்வாசி நேரம் கையாலயே ஆடுவாங்களே, அது.

அதுலயும் எனக்குப் பிடிச்சது காலேஜ் ஃபுட்பால்தான். அவங்க ஊர்ல சனிக்கிழமை ராத்திரி மேட்ச்னா, நமக்கு ஞாயித்துக்கிழமை விடிகாலை. காலேஜ் மேட்ச்தானேனு லேசா எடைபோட்டுடாதீங்க. மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். நம்ம காலேஜ் கிரவுண்டுல ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்குக்கூட ஆடு மேயும்!

அந்த உலகத்துல இருபது வருஷமா ஓயாத ஒரு பஞ்சாயத்து இருக்கு. 'ஸ்ப்ரெட் அஃபன்ஸ்' நிலைச்சு நிக்குமா, இல்லை ரெண்டு சீஸன் ஓடிட்டுக் காணாமப் போற ஃபேஷனா? என் பதில் கொஞ்சம் ஏடாகூடமா இருக்கும். அதுக்கு முன்னாடி ஸ்ப்ரெட்டுனா என்னன்னு பார்த்துடுவோம்.

ரூல் ரொம்ப சிம்பிள். பக்கத்துக்கு 11 பேர். நாலு சான்ஸுக்குள்ள 10 யார்டு முன்னேறணும். முன்னேறினா இன்னும் நாலு சான்ஸ் கிடைக்கும். இல்லைன்னா பந்து எதிர் டீமுக்குப் போயிடும். இதுக்குப் பழைய ஸ்டைல் எப்படின்னா, தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஏறுற மாதிரி! மைதானத்தோட அகலம் 53 யார்டு சொச்சம். ஆனா ரெண்டு டீம் தடியன்களும் நடு மத்தியில ஒரே இடத்துல முட்டி மோதி, ரெண்டு யார்டு, மூணு யார்டுனு நகருவாங்க. யார்கிட்ட வெயிட்டு ஜாஸ்தியோ அவங்க ஜெயிப்பாங்க.

ஸ்ப்ரெட்டுக்காரங்க கேட்டது ஒரே கேள்விதான்: 'இவ்ளோ அகலமான கிரவுண்டை எதுக்குச் சும்மா போட்டு வெச்சிருக்கோம்?' மூணு பேர், நாலு பேர், சமயத்துல அஞ்சு பேரைக்கூட ரெண்டு ஓரத்துக்கும் அனுப்பிடுவாங்க. பந்தை ஆரம்பிச்சு வைக்கிற குவார்ட்டர்பேக், அஞ்சு யார்டு பின்னாடி தள்ளி நிப்பார். இப்போ டிஃபன்ஸுக்குத் தலைவலி. ஓரத்துல நிக்கிறவங்களைக் கண்டுக்காம விட்டா, அவங்களுக்கு ஈஸியா பாஸ் போயிடும். கூடவே போனா நடுவுல காலி. அதுல புகுந்து ஓடிடுவாங்க. எப்படிப் போனாலும் ஆப்பு!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம் 'ஸோன் ரீட்'. சாதாரணமா குவார்ட்டர்பேக் பந்தை ஓடுறவர் கையில குடுத்துட்டு வேடிக்கை பார்ப்பார். அதாவது டிஃபன்ஸுக்கு ஒரு ஆள் எப்பவும் எக்ஸ்ட்ரா. ஸோன் ரீட்ல என்ன பண்ணுவாங்கன்னா, எதிர் டீம்ல ஓரமா நிக்கிற ஒருத்தரை வேணும்னே தடுக்காம விட்டுடுவாங்க. குவார்ட்டர்பேக் அவரையே உத்துப் பார்ப்பார். அவர் ஓடுறவர் மேல பாய்ஞ்சா, பந்தைக் குடுக்காம தானே எடுத்துக்கிட்டு வெளிப்பக்கமா பறந்துடுவார். அவர் அசையாம நின்னா, பந்தைக் குடுத்துடுவார். தொடாமலேயே ஒரு ஆளைக் காலி பண்ற கணக்கு இது!

மேற்கு வர்ஜீனியாவுல க்ளென்வில் ஸ்டேட்னு ஒரு குட்டிக் காலேஜ். 1990-கள் தொடக்கத்துல அங்கே ரிச் ராட்ரிகஸ் கோச்சா இருந்தார். ஒருநாள் ப்ராக்டீஸ்ல பந்தைக் கைமாத்தறப்ப சொதப்பிடுச்சு. குவார்ட்டர்பேக் தானே பந்தோட ஓடிட்டான். 'ஏன்டா அந்தப் பக்கம் ஓடினே?'னு கேட்டதுக்கு, 'ஓரத்துல நின்னவன் உள்ளே பாய்ஞ்சுட்டான் கோச்'னு பதில் வந்துச்சாம். ஸோன் ரீட் அங்கேதான் பொறந்துச்சுனு சொல்வாங்க.

இன்னொரு பக்கம், அயோவா வெஸ்லியன். 1988-ல ஆடின 10 மேட்ச்லயும் தோத்த காலேஜ். 1989-ல ஹால் மம்மி கோச்சா வந்தார். கூட வந்த உதவியாளர் மைக் லீச். காலேஜ் டீம்ல ஒருநாள்கூட ஃபுட்பால் ஆடாதவர், சட்டம் படிச்சுட்டு 'வக்கீல் வேலை வேண்டாம்'னு கிளம்பி வந்தவர்! ரெண்டு பேரும் சேர்ந்து 'ஏர் ரெய்டு'னு ஒரு பாணியை வளர்த்தாங்க. ப்ளே கொஞ்சம்தான். ஆனா அதையே திரும்பத் திரும்ப ஆயிரம் தடவை ப்ராக்டீஸ். ஓரம் முதல் ஓரம் வரைக்கும் ஆளை நிறுத்தி, பாஸா போட்டுத் தாக்குறது.

கவனிச்சீங்களா? ரெண்டுமே ஒண்ணுமில்லாத காலேஜ்கள். நல்ல ப்ளேயர்களை எல்லாம் பெரிய காலேஜ்கள் அள்ளிக்கிட்டுப் போயிடும். மிச்சம் மீதியை வெச்சுக்கிட்டு, தன்னைவிட பலசாலியை எப்படி அடிக்கிறதுனு யோசிச்சவங்க கண்டுபிடிச்ச வித்தை இது. காலேஜ் கபடி டீம்ல மூணு வருஷமும் பெஞ்ச்லயே உட்கார்ந்திருந்தவன் நான். ஸ்ப்ரெட் மேல எனக்கு ஏன் இவ்ளோ பாசம்னு இப்போ புரியுதா?

ஆனா, 'இது நிலைக்காது'னு சொன்னவங்க ஒண்ணும் முட்டாள் இல்லை. அவங்க கையில 'விஷ்போன்'னு ஒரு உதாரணம் இருந்துச்சு. 1968-ல டெக்சாஸ் கொண்டுவந்த அந்த பாணி, எழுபதுகள் முழுக்க ராஜாவா இருந்துச்சு. அப்புறம் டிஃபன்ஸ்காரங்க படிச்சு முடிச்சாங்க. பெரிய டீம்கள்ல இருந்து அது கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. 'ஸ்ப்ரெட்டும் இப்படித்தான். குவார்ட்டர்பேக் ஓடி ஓடி அடிபடுவான். உங்க அஃபன்ஸ் ரெண்டே நிமிஷத்துல வேலையை முடிச்சா உங்க டிஃபன்ஸ்தான் மூச்சு வாங்கும். பெரிய டீமுக்கு இதெல்லாம் சரிப்படாது'னு அடுக்கினாங்க.

அந்தப் 'பெரிய டீமுக்குச் சரிப்படாது'ங்கிறதுக்கு அவங்க காட்டின சாட்சி, மிச்சிகன். பாவம் பாஸ், ஸ்ப்ரெட்கிட்ட இவங்க வாங்கின அடி கொஞ்சநஞ்சம் இல்லை. 2000-ல நார்த்வெஸ்டர்ன் 54-51. 2007 செப்டம்பர் 1-ம் தேதி, சொந்த ஊர்ல, லட்சம் பேர் முன்னாடி, ஒரு டிவிஷன் கீழே ஆடுற அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32. அடுத்த வாரமே ஓரிகன் 39-7. மூணுமே ஸ்ப்ரெட் டீம்! 'இனி நாமளும் அதையே ஆடுவோம்'னு 2008-க்கு ராட்ரிகஸையே கூட்டிட்டு வந்தாங்க. என்னாச்சு? முதல் வருஷம் 3 வெற்றி, 9 தோல்வி. மூணு வருஷத்துல 15 ஜெயிச்சு 22 தோத்து, 2011 ஜனவரியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஆனா எனக்கு இந்த சாட்சி மேல நம்பிக்கை இல்லை. 2010-ல அவரோட குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் ஓடியே 1,702 யார்டு எடுத்தார். அதே வருஷம் இல்லினாய்ஸை மிச்சிகன் ஜெயிச்சது எப்படித் தெரியுமா? 67-65, மூணு ஓவர்டைம்! 67 போட்ட அஃபன்ஸைக் குத்தம் சொல்றதா, 65 விட்டுக்குடுத்த டிஃபன்ஸைக் கேட்கிறதா? அதே காலத்துல அர்பன் மேயர் ஃப்ளோரிடாவுல ஸ்ப்ரெட்டை வெச்சே 2006, 2008-னு ரெண்டு தேசிய சாம்பியன்ஷிப் தூக்கியிருந்தார். 2007 ஜனவரி ஃபைனல்ல ஒஹாயோ ஸ்டேட்டை 41-14-னு துவைச்சு எடுத்தது இந்தப் 'பெரிய டீமுக்கு ஆகாத' பாணிதான்.

அடுத்து வந்தது வேகம். ஒவ்வொரு ப்ளேவுக்கும் நடுவுல கூடிப் பேசுறதை நிறுத்திட்டு, சட்டுச்சட்டுனு அடுத்த பந்தை ஆரம்பிச்சா, எதிர் டீம் ஆள் மாத்தக்கூட நேரம் கிடைக்காது. அலபாமாவோட பெரிய தலை நிக் சேபன், 'ஃபுட்பால் இப்படியா இருக்கணும்?'ங்கிற ரீதியில 2012-ல வெளிப்படையாவே கேட்டார். 2014-ல வேகத்துக்கு பிரேக் போட ஒரு ரூல் வந்தப்ப அதுக்கு ஆதரவா பேசினார். அந்த ரூல் ஓரங்கட்டப்பட்டது. மனுஷன் என்ன பண்ணார்? அதே 2014-ல லேன் கிஃபினை அஃபன்ஸ் கோச்சா கூட்டிட்டு வந்து, தன் டீமையே மெள்ள மெள்ள மாத்த ஆரம்பிச்சுட்டார்! 2020-ல அலபாமா ஒரு மேட்ச்கூடத் தோக்காம சாம்பியன் ஆனப்ப, ஹெய்ஸ்மன் விருது வாங்கினது டெவோன்டா ஸ்மித்ங்கிற ரிசீவர். அதுக்கு முந்தின வருஷம் எல்.எஸ்.யூ கதையும் அதேதான்: 15-க்கு 15 வெற்றி, ஜோ பர்ரோ கையில இருந்து 60 டச்டவுன் பாஸ். அங்கேயும் ஆளைப் பரப்பித்தான் அடி.

அப்போ ஸ்ப்ரெட் நிலைச்சுடுச்சா? நிலைச்சுடுச்சு. சந்தேகமே வேண்டாம். விஷ்போன் ஒரு குறிப்பிட்ட நிற்கும் முறை. அதைப் படிச்சு முடிச்சுடலாம். ஸ்ப்ரெட் அப்படி இல்லை, மைதானம் மொத்தத்தையும் பயன்படுத்துங்கிற கணக்கு. அதுக்குள்ள ஆயிரம் பேர் ஆயிரம் விதமா ஆடலாம். டெக்சாஸ் ஸ்கூல் பசங்க லீவுலகூட ஏழு பேருக்கு ஏழு பேர்னு பாஸ் மட்டுமே போட்டு விளையாடி வளர்ந்தாங்க. ஆள் வரத்து நிக்கவே இல்லை.

என் மனசு உறுத்துறது வேற இடத்துல. ஆயுதம் நிலைச்சுது, சரி. அதைச் செஞ்சவன் நிலைச்சானா?

மைக் லீச்சையே எடுத்துக்குங்க. டெக்சாஸ் டெக்ல பத்து வருஷம். 2008 நவம்பர் 1-ம் தேதி, நம்பர் ஒன் டீமான டெக்சாஸை 39-33-னு கவுத்தாங்க. ஒரே ஒரு செகண்டு மிச்சம் இருக்கும்போது, க்ராப்ட்ரி பந்தைப் பிடிச்சு ஓரமா திமிறி ஓடி எடுத்த டச்டவுன்... சும்மா சொல்லக்கூடாது, எத்தனை தடவை பார்த்தாலும் புல்லரிக்கும். மூணு வாரம் கழிச்சு ஓக்லஹோமாகிட்ட 65-21. ஓக்லஹோமாவும் அப்போ ஆளைப் பரப்பி, வேகமா ஆடுற டீம்தான்! ஒரே வித்தை ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா, நல்ல ப்ளேயர் வெச்சிருக்கிறவன்தானே ஜெயிப்பான்? 2022 டிசம்பர்ல லீச் இறந்துபோனார். முதன்மைக் கோச்சா ஒரு கான்ஃபரன்ஸ் பட்டம்கூட ஜெயிச்சதில்லை.

அதுக்கடுத்து வந்த 2023-ஐ மட்டும் பாருங்க. ஜனவரியில தேசிய ஃபைனலுக்கு டி.சி.யூ வந்துச்சு. டெக்சாஸ் டெக்ல லீச்கிட்ட வேலை பார்த்த சன்னி டைக்ஸ்தான் கோச். செமி ஃபைனல்ல மிச்சிகனை 51-45-னு சாய்ச்சுட்டு (ஆமா, மறுபடியும் மிச்சிகன்!) வந்திருந்தாங்க. நான் எல்லாம் விசில் அடிக்க ரெடியா உட்கார்ந்திருந்தேன். எதிர்ல ஜார்ஜியா. குண்டாவும் ஆடுவாங்க, பரப்பியும் ஆடுவாங்க. ஸ்கோர் 65-7. டீ ஆறுறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சுபோச்சு.

பிப்ரவரியில சூப்பர் பௌல். கன்சாஸ் சிட்டியோட பேட்ரிக் மஹோம்ஸ் ரெண்டாவது தடவையா ஜெயிச்சார். அவர் டெக்சாஸ் டெக் ப்ராடக்ட். அங்கே அவரோட கோச் கிளிஃப் கிங்ஸ்பரி, லீச்கிட்ட குவார்ட்டர்பேக்கா ஆடினவர். ஏர் ரெய்டு குவார்ட்டர்பேக் எல்லாம் புரொஃபஷனல்ல தேறமாட்டான்னு சொன்னவங்க வாயை அடைச்சாச்சு.

மே மாசம் அயோவா வெஸ்லியன் காலேஜையே மூடிட்டாங்க. பணம் இல்லை. ஏர் ரெய்டு தவழ்ந்து விளையாடின அந்தக் காலேஜுக்கு இனி டீம் கிடையாது.

இப்போ சின்ன டீமுக்குச் சிக்கல் இன்னும் ஜாஸ்தி. 2021-ல இருந்து காலேஜ் ப்ளேயர்கள் தங்கள் பேரையும் புகழையும் வெச்சுச் சம்பாதிக்கலாம். டீம் மாறுறதும் சுலபமாயிடுச்சு. பசங்க கையில காசு வர்றதை நான் தப்பே சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் அவங்க உழைப்புல மத்தவங்கதானே சம்பாதிச்சாங்க! ஆனா, சின்ன காலேஜ்ல ஒரு பையன் ஒரு சீஸன் பிரமாதமா ஆடிட்டா, அடுத்த சீஸன்ல அவன் எந்த ஜெர்சியில இருப்பான்னு சொல்ல முடியாது.

சரி, அப்போ இல்லாதவனுக்கு இனி என்னதான் வழி? 2023 நவம்பர்ல ஒரு மேட்ச்ல எனக்கு ஒரு க்ளூ கிடைச்சுது. வேடிக்கை என்னன்னா, அதைக் காட்டினது ஏழை டீம் இல்லை, அதே மிச்சிகன். ஸ்ப்ரெட்டைத் துரத்துறதுக்காக டிஃபன்ஸ் டீம்கள் எல்லாம் தடியன்களைக் குறைச்சு, ஒல்லியா, வேகமா ஓடுற ஆளுங்களை நிரப்பிட்டாங்க இல்லையா? மிச்சிகன் மறுபடி தடியன்களை முன்னாடி நிறுத்துச்சு. பென் ஸ்டேட்டுக்கு எதிரா தொடர்ந்து 32 தடவை பந்தை எடுத்துக்கிட்டு ஓட்டம், ஓட்டம், ஓட்டம். ரெண்டாவது பாதியில கணக்குல ஏர்ற மாதிரி ஒரு பாஸ்கூட இல்லை! 24-15. அந்த சீஸன்ல 15-க்கு 15 ஜெயிச்சு சாம்பியனும் ஆயிட்டாங்க. எல்லாரும் ஓரத்துக்குப் போனா, நடுவுல இடம் மலிவாயிடுது.

ராட்ரிகஸ் 2024 டிசம்பர்ல மேற்கு வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்கே கோச்சா திரும்பி வந்தார். க்ளென்வில்ல இருந்து அது ஒண்ணும் ரொம்ப தூரம் இல்லை. அங்கே ஏதாவது ஒரு குட்டிக் காலேஜ் ப்ராக்டீஸ்ல இந்நேரம் யாரோ ஒருத்தன் பந்தைச் சொதப்பிட்டுத் தப்பான பக்கம் ஓடிக்கிட்டு இருக்கலாம். நீங்க அடுத்த தடவை இந்த ஆட்டத்தைப் பார்த்தீங்கன்னா, பந்தை விட்டுடுங்க. ஓரத்துல, யாருமே தடுக்காம விட்டுவெச்ச அந்த ஒரு ஆளை மட்டும் பாருங்க. உள்ளே பாயலாமா, நிக்கலாமானு அரை செகண்டு முழிப்பார் பாருங்க... எனக்கு அந்த அரை செகண்டுக்காகத்தான் ஞாயித்துக்கிழமை தூக்கமே போகுது!