கேட்காமல் நுழையும் வாசல்

"கூட்டத்துல கை விட்டுப் போச்சுன்னா அழாத. தலைய நிமிர்த்திக் கோபுரத்தப் பாரு. அதப் பாத்து நடந்து வந்து கோவில் வாசல்ல நில்லு. நான் வந்துடுவேன்." ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குள் நுழையும் முன் ஆயா எங்களுக்குச் சொல்லித் தரும் பாடம் இதுதான். பெங்களூர் சிவாஜிநகர் மரியன்னை கோவிலின் கோபுரம் நூற்றறுபது அடி. மீன் வரிசையிலிருந்து பார்த்தாலும், பூக்கடைப் பக்கமிருந்து பார்த்தாலும் அதன் ஊசிமுனை தெரியும். கோவில் என்றால் தொலைந்துபோனவர்கள் போய் நிற்கிற இடம் என்றுதான் என் மனதில் முதலில் பதிந்தது.

உள்ளே போனால் வெளிச்சம் வேறு மாதிரி இருக்கும். கூர்முனை வளைவுகளுக்கு மேலே வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். காலைப் பூசையில் நீலமும் சிவப்பும் தரையில் விழ, என் தங்கை தன் உள்ளங்கையை அந்தச் சிவப்பில் காட்டிக்காட்டி மறையுரை முழுவதையும் ஓட்டிவிடுவாள். உலகப்போர் சமயத்தில் குண்டு விழுமோ என்ற பயத்தில் அந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்ப மாட்டினார்களாம். எங்கள் தெருவில் அதைக் கதையாகச் சொல்வார்கள், தங்கள் வீட்டு நகையைப் பற்றிச் சொல்கிற அதே பெருமையோடு.

அந்தப் பெருமை சித்தப்பாவுக்குப் பிடிக்காது. எச்.ஏ.எல். தொழிற்சாலையில் வேலை, சங்கத்தில் தீவிரம். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கூலிக்காரன் குடிசையில கெடக்கான், சாமிக்கு எதுக்கும்மா இவ்வளவு ஒசரம்?" என்பார். ஆயா அடுப்பிலிருந்து திரும்பாமலேயே பதில் சொல்வார்: "டேய், விதான சவுதாவுக்குள்ள என்ன விடுவானா? பெரிய கிளப்புக்குள்ள விடுவானா? இங்க செருப்பு இல்லாம வந்து நடுவுல உக்காந்து அழலாம். யாரு கேக்கப் போறா?"

இன்றுவரை ஒரு கோவில் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தால் எனக்கு ஆயாவின் அந்தக் கேள்விதான் முன்னால் நிற்கிறது. கன்டோன்மென்டில் அழகான கட்டடங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றின் வாசலில் எல்லாம் ஒரு காவல்காரர் இருந்தார். எங்கள் தெருவார் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் நுழைந்த பெரிய கட்டடம் மாதா கோவில் ஒன்றுதான். அதனால் அந்த உயரம் எங்களுடையது. கோவில் அழகாக இருப்பதை நான் ஒருநாளும் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழகுக்குள் வர ஒருவர் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றுவிட்டால், கட்டிய நோக்கமே கெட்டது.

இந்தக் கோவிலின் தொடக்கமே ஓலைக் கூரைதான். செஞ்சிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பிளாக்பள்ளி என்று அன்று அழைக்கப்பட்ட இந்த இடத்தில் நெல் விளைவித்த தமிழர்கள், காணிக்கை மாதாவுக்கு ஒரு குடிசை போட்டார்கள். பிறகு 1800களின் தொடக்கத்தில் துபுவா சாமியார் ஒரு சிறு கோவில் எழுப்பினார். தலைப்பாகை கட்டி, நம்மூர் உடை உடுத்தி வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். மைசூர் நாட்டில் அம்மை குத்துவதைப் பரப்ப அலைந்தவர். இன்றுள்ள கட்டடத்தை 1875-இல் தொடங்கி, 1882 செப்டம்பர் 8 அன்று மந்திரித்துத் திறந்தார்கள். கட்டியவர் கிளைனர் சாமியார். 1974-இல் அது பசிலிக்கா ஆனது. ஆயாவுக்குக் கடைசிவரை மாதா கோவில்தான்.

பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் மாதாவின் கெபி. என் சிறுவயதின் பாதி அங்கேதான் கழிந்தது. சேலை கட்டி, மாலை போட்டு, குழந்தையை ஏந்தி நிற்பாள் மாதா. கெபிக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்குச் சிலுவை போடத் தெரியாது. தேங்காயும் பூவும் கொண்டுவந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரத்துக்குப் பதில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். புர்க்கா அணிந்த ஒரு அம்மா, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றது நினைவிருக்கிறது. ஆயா நகர்ந்து இடம் கொடுத்தார். பிள்ளைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று தனக்குத் தெரிந்த உருதுவில் விசாரித்தார். 1898-இல் பிளேக் வந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டுக் கொட்டகையில் கிடந்த கதையைத் தன் மாமியாரிடம் கேட்டிருந்தவர். நோய்க்கு முன்னால் எல்லாரும் ஒரே வரிசை என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை.

மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறும். அன்று முதல் தெருவில் காவிச் சேலைகள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று பூசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஒரு மொழிக்காரர் வெளியே வர, அடுத்த மொழிக்காரர் உள்ளே போவார்கள். வாசலில் இரு கூட்டமும் முட்டிக்கொள்ளும்போது பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா எங்களைக் கண்டு, "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பாள். செப்டம்பர் 8 மாலை தேர் கிளம்பும். வளையல் கடையும் பொரிகடலைக் கடையும் விடிய விடிய மூடாது. சித்தப்பா, எல்லாவற்றையும் குறை சொன்ன அதே சித்தப்பா, முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கித் தேருக்கு வழிவிடச் செய்வார்.

கட்டடத்தைச் சொன்னது போதும். சபையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் குடை ரிப்பேர் செய்யும் கிழவர் ஒருவர் இருந்தார். ஒண்டிக்கட்டை. எந்தப் பூசையிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. மழைக்கு மட்டும் கோவில் முகப்பில் ஒதுங்கி உட்காருவார். ஒரு அடைமழைக் காலத்தில் அவர் இறந்துபோனார். தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். குடைக் கம்பியும் நூலும்தான். சிலுவையோ விபூதியோ தாயத்தோ, ஒன்றும் இல்லை. என்ன சாதி, என்ன வேதம், எப்படி அடக்கம் செய்வது என்று தெருவே கையைப் பிசைந்தது.

வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் அரிசியும் மருந்துச் செலவும் கொடுக்கிறவர்கள். அவர்கள் கிழவரின் பெயர்கூடக் கேட்கவில்லை. சவப்பெட்டிக்கு அளவு எடுத்தார்கள். மார்க்கெட்டில் இறைச்சிக்கடை வைத்திருந்த பாய் வண்டிக்குப் பணம் கொடுத்தார். கன்னடத்து அக்கா வீட்டிலிருந்து வேட்டி வந்தது. பங்குச் சாமியார் செய்தி கேட்டதும் குடையில்லாமல் நனைந்துகொண்டே வந்து, தெருவில் நின்றே செபித்தார். கல்பள்ளி கல்லறைக்குப் புறப்பட்டபோது முன்வரிசையில் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் சித்தப்பா.

இருட்டிய பிறகு சேறோடு திரும்பி வந்தார். கிணற்றடியில் குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டே ஆயாவிடம், "சாமியாரு செலவக் கணக்குப் பாக்கல, தெரியுமா?" என்றார். ஆயா, சோறு ஆறுகிறது, முதலில் சாப்பிடு என்றார். சாப்பிட்டு முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து அந்த மாதச் சங்கச் சந்தாவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து, வின்சென்ட் சபை உண்டியலில் போட்டுவிடச் சொல்லி என் கையில் கொடுத்தார். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் போட்டேன்.