செஞ்சிக்கு வந்த பெயர்

2025 ஆடி அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேல்மலையனூர் போனேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ் எல்லாம் பிதுங்கி வழிந்தன. அம்மாவுக்கு எப்படியோ ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு கையில் போன். எங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குரூப் இரண்டு வாரமாக எரிந்துகொண்டிருந்தது. சண்டை எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி.

ஜூலை 11ஆம் தேதி பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சந்தோஷமான சேதிதான். ஆனால் பட்டியலில் அதன் பெயர் 'இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்'. மொத்தம் 12 கோட்டை. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று இங்கே. ஒரு நண்பன் காவிக்கொடி ரீல் போட்டு 'சிவாஜி மீட்ட மண்' என்று எழுதினான். இன்னொருவன், ஆனந்தக் கோன் கட்டிய கோட்டையை மராட்டியனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று கொதித்தான்.

குரூப்பில் எனக்குப் பெயர் 'பூமர்'. பழமைவாதி என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கோயில், முறை, அமாவாசை, பெரியவர்கள் பேச்சு இதையெல்லாம் சட்டென்று தூக்கிப்போட எனக்கு மனசு வராது. அதனால் நான் தன் பக்கம் வருவேன் என்று காவிக்கொடிக்காரன் நம்பியிருந்தான். நான் போகவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஹாஸ்டலில் மூணு வருஷம் என் தட்டிலேயே சாப்பிட்டவன்.

அந்தப் பெயர் பொய் என்று நான் சொல்லவில்லை. 1677இல் சிவாஜி பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் முகலாயர்களிடம் சிக்காமல் 1689இல் இங்கே வந்து சேர்ந்தார். மராத்திய அரசே செஞ்சியிலிருந்து நடந்தது. ஜுல்பிகர் கான் வருஷக்கணக்கில் முற்றுகை போட்டும் 1698இல்தான் கோட்டை விழுந்தது. சாதாரண விஷயம் இல்லை. ஆனால் மொத்தமாகக் கூட்டினால் 21 வருஷம். அதற்கு முன்னால் நாயக்கர்கள் நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். மதில், களஞ்சியம் என்று நாம் வாய் பிளந்து பார்ப்பதில் அவர்கள் காலத்து வேலைதான் அதிகம். பின்னால் 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் வெள்ளைக்காரன். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அங்கே செல்ஃபி எடுப்பவர்கள் யாரும் அதற்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பழசைக் காப்பாற்றுவது என்றால் நமக்குப் பிடித்த 21 வருஷத்தை மட்டும் காப்பாற்றுவதா? இதைத்தான் குரூப்பில் கேட்டேன். நாலு சிரிப்பு எமோஜி வந்தது.

சிங்கவரம் வந்ததும் அம்மா ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்துக் கும்பிட்டாள். குகைக்குள் படுத்திருக்கும் ரங்கநாதரின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். தேசிங்கு போருக்கு உத்தரவு கேட்டபோது பெருமாள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது எங்கள் பக்கத்துக் கதை.

"சாமியே வேணாம்னு சொல்லியும் கேக்கல பாரு அந்தப் புள்ள" என்றாள், பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வதுபோல.

அந்தப் பிள்ளை தேஜ் சிங், பண்டேலா ராஜபுத்திரன். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தான். தமிழ்க் கதைப்பாட்டு அவனைத் தேசிங்கு ராஜன் ஆக்கிவிட்டது. அதில் எதிரியும் துலுக்கன், உயிர் நண்பன் மகமத்கானும் துலுக்கன். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து தேசிங்குக்காகப் போருக்கு வருகிறான். அவன் சாகிற இடத்தில் ஊரே அழும் என்று அப்பா சொல்வார். இன்றைக்கு இதைப் படமாக எடுத்தால் என் நண்பர்களில் ஒருவன் மகமத்கானை வெட்டுவான், இன்னொருவன் ரங்கநாதரை வெட்டுவான்.

"கோட்டைக்கு ஏதோ பட்டம் குடுத்திருக்காங்களாமே, தேசிங்குக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா, மராட்டியருக்கு. ராஜாராம்னு ஒருத்தர் இங்க வந்து இருந்தாரு."

"எவ்ளோ நாளு?"

"எட்டு வருஷம்."

"அவ்ளோ நாளு இருந்தாரா, பாவம்" என்றாள்.

மலையனூரில் இறங்கியபோது இருட்டிவிட்டது. அங்காளம்மனுக்குப் பரம்பரையாகப் பூசை செய்வது பருவதராஜகுலத்தார், மீனவர்கள். அனைத்துச் சாதி அர்ச்சகர் விவகாரத்தில் 1970இலிருந்து கத்திக்கொண்டிருக்கும் இரண்டு தரப்பும் இங்கே ஒரு அமாவாசைக்கு வந்து வரிசையில் நிற்கலாம். பரம்பரை உரிமை வேண்டும் என்று வாதாடும் என் ஆட்கள் முக்கியமாக வர வேண்டும். அவர்கள் சொல்லும் பரம்பரையில் இவர்கள் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நடுராத்திரி ஊஞ்சலில் அம்மன் ஆடினாள். ஆயிரக்கணக்கான கையில் கற்பூரம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையும் வீடியோ எடுத்தேன். புற்றுமண் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அதற்கடுத்த கோடையில் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து வைத்தார்கள். காவிக்கொடிக்காரனுக்கும் 'வாடா, சேர்ந்து பாக்கலாம்' என்று மெசேஜ் போட்டேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு முதுகு வலித்தது. மிச்சத்தை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அம்மா உட்கார்ந்திருந்தாள். காலையில் படுகளத்தில் மண் துரியோதனனின் தொடையில் பீமன் அடித்தபோது நான் வீட்டில் ஃபேன் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.